கவுன்டர் வரைக்கும் பத்து அடி

ராத்திரி ஒன்றரை மணி. ஹாஸ்டல் ரூம்ல லைட் ஆஃப். ரூம்மேட் முகத்துல மட்டும் லேப்டாப் வெளிச்சம். ஸ்கிரீன்ல நாலு விண்டோ, நாலு போக்கர் டோர்னமென்ட். "எக்ஸாம் ஃபீஸ் இதுலயே தேத்திடுவேன் மச்சான்"னு சொன்னான். கடைசியில அந்த ஃபீஸைக் கட்ட நாங்க ஆறு பேர் சேர்ந்து காசு போட்டோம்.

அவன் முட்டாள் இல்லை. ப்ராபபிலிட்டி பேப்பர்ல எங்க கிளாஸ்லயே அவன்தான் முதல் மார்க். அதனாலதான் இதை எழுதுறேன்.

போக்கர் திறமையா, சூதான்னு எப்பவும் ஒரு சண்டை நடக்கும். 2023 நவம்பர்ல சென்னை உயர் நீதிமன்றமே ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள்னு சொன்னது. சரி, திறமைன்னே வெச்சுக்குவோம். என் கேள்வி வேற. அதே 52 சீட்டு, அதே விதிகள். ஆனா கேசினோ மேஜையில ஆடுறவனும் ஸ்கிரீன்ல ஆடுறவனும் ஒரே ஆட்டத்தைத்தான் ஆடுறாங்களா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கேசினோவுல டீலர் கையால கலைச்சு, போட்டு, சிப்ஸ் எண்ணி முடிக்கணும். மணிக்குச் சுமார் 30 கை நடக்கும். ஆன்லைன்ல ஒரு மேஜையிலயே 60 தாண்டும். நாலு மேஜைன்னா 240. அதாவது கேசினோவுல எட்டு மணி நேரம் ஆடுறதும், ஹாஸ்டல் கட்டில்ல ஒரு மணி நேரம் ஆடுறதும் ஒண்ணு.

இதனால என்ன ஆகுது? ரெண்டு ஏஸ் சேர்ந்து வர்றதுக்கு வாய்ப்பு 221-ல ஒண்ணு. கேசினோவுல ஏழு மணி நேரத்துக்கு ஒரு தடவை. நாலு மேஜை ஆன்லைன்ல கிட்டத்தட்ட மணிக்கு ஒரு தடவை. அந்த ஏஸ் ஜோடியே ஒரு சின்ன ஜோடிகிட்ட சுமார் அஞ்சுக்கு ஒரு தடவை தோக்கும். மேஜையில எப்பவாவது நடக்குற அந்த அநியாயம், ஸ்கிரீன்ல ஒரே ராத்திரியில ரெண்டு தடவை நடக்கலாம். உடனே "சாஃப்ட்வேர் ஏமாத்துதுடா"ம்பான். ஏமாத்தவே வேண்டாம், வேகமே போதும். அடுத்த கை வர்றதுக்குள்ள கோபம் ஆற நேரம் கிடையாது.

இன்னொண்ணு, லெவல். டோர்னமென்ட்ல பிளைண்ட்ங்கிற கட்டாயப் பந்தயம் ஏறிக்கிட்டே போகும். லாஸ் வேகாஸ் வேர்ல்ட் சீரிஸ் மெயின் ஈவென்ட்ல ஒரு லெவல் ரெண்டு மணி நேரம். நல்ல சீட்டுக்காகக் காத்திருக்கலாம், எதிராளியைப் படிக்கலாம். ஆன்லைன் டர்போவுல சில நிமிஷத்துலயே ஏறிடும். காத்திருந்தா சிப்ஸ் கரையும், அதனால கிடைச்ச சீட்டை வெச்சு ஆல்-இன் போடணும். திறமை ஆட்டம்னு சொல்லித்தான் உள்ளே கூப்பிடுறாங்க. ஆனா திறமை வேலை செய்யத் தேவையான நேரத்தை மட்டும் வெட்டிடுறாங்க.

மூணாவதுதான் எனக்கு முக்கியம். கேசினோவுல தோத்துட்டு மறுபடி நுழையணும்னா நாற்காலியை விட்டு எழுந்திருக்கணும். பத்து அடி நடந்து கவுன்டருக்குப் போய், பர்ஸைத் திறக்கணும். ஒன்பது பேர் பார்ப்பாங்க. அந்தப் பத்து அடியில பாதிப் பேருக்காவது "போதும்டா"ன்னு தோணும். ஆன்லைன்ல அது ஒரு பட்டன். கட்டிலை விட்டே இறங்க வேண்டாம்.

"கிறிஸ் மணிமேக்கர் கதை தெரியாதா?"ன்னு கேட்பீங்க. தெரியும். 2003-ல 86 டாலர் ஆன்லைன் தகுதிச் சுற்றுல ஜெயிச்சு, 10,000 டாலர் நுழைவுக் கட்டணம் உள்ள மெயின் ஈவென்ட்டுக்குப் போன அக்கவுன்டன்ட். 839 பேர்ல முதலா வந்து 25 லட்சம் டாலர் ஜெயிச்சார். அடுத்த வருஷம் 2,576 பேர் வந்தாங்க. ஏழைக்கும் கதவு திறந்தது ஆன்லைன்தான், அதை மறுக்கல. ஆனா அந்தத் தகுதிச் சுற்றுகள்ல தோத்தவங்க பேரு ஒண்ணாவது நமக்குத் தெரியுமா?

கேசினோ ஒண்ணும் கோயில் இல்லை. அங்கேயும் நுழைவுக் கட்டணத்துல ஒரு பங்கு நிர்வாகத்துக்குப் போகுது, பெரும்பாலானவங்க வெறுங்கையோடதான் திரும்புறாங்க. ஆனா கோவாவுக்கு டிக்கெட் போட்டு, ரூம் எடுத்து, படகேறிப் போய்த் தோக்குறதுக்கு மெனக்கெடணும். அந்த மெனக்கெடல்தான் பிரேக். பிரேக் இல்லாத வண்டியை நல்லா ஓட்டத் தெரியும்ங்கிறதுல என்ன பெருமை?

2025 ஆகஸ்ட்டுல பணம் வெச்சு ஆடுற ஆன்லைன் ஆட்டங்களை நாடாளுமன்றம் தடை பண்ணிடுச்சு. "எல்லாம் முடிஞ்சுது, இனிமே எதுக்கு இந்தக் கட்டுரை?"ன்னா, டெலிகிராம்ல லிங்க் இன்னும் சுத்திக்கிட்டுத்தான் இருக்கு. ஆப் போனாலும் பழக்கம் போகல.

போக்கர் பிடிச்சிருந்தா மெஸ்ல உக்காந்து புளியங்கொட்டை வெச்சு ஆடலாம், நானும் வர்றேன். உங்க ரூம்லயும் யாராவது ஒன்றரை மணிக்கு முழிச்சிருந்தா, திட்டாதீங்க. "வாடா, டீ குடிச்சுட்டு வரலாம்"னு எழுப்பிக் கூட்டிட்டுப் போங்க. அவனுக்கு அந்த ஸ்கிரீன் தராத பத்து அடியை நீங்க குடுங்க.