தலைக்காயத்திற்கு ஆறு மாதக் கெடுவா?

2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என்கிறது ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஆண்டறிக்கை. அவர்களில் 32,825 பேர் பாதசாரிகள். மிதிவண்டியில் சென்றவர்கள் ஏறத்தாழ ஐந்தாயிரம் பேர். இறந்தவர்களுக்கு இந்தக் கணக்காவது இருக்கிறது. தலையில் அடிபட்டு உயிர்பிழைத்து, நினைவும் பேச்சும் தடுமாறி, பழைய வேலைக்குத் திரும்ப இயலாமல் வீட்டின் மூலையில் முடங்கிப்போனவர்கள் எத்தனை பேர் என்பதற்கு அந்த அறிக்கையில் தனிக்கணக்கு இல்லை.

நம் நகரங்களில் நடந்து செல்பவர் யார், மிதிவண்டி மிதிப்பவர் யார் என்பதில்தான் இந்த அலட்சியத்தின் வேர் உள்ளது. விவசாயமும் வீட்டுத் தொழிலும் சாராத உழைப்பாளர்களில் சுமார் 4.5 கோடிப் பேர் வேலைக்கு நடந்தே செல்கின்றனர், சுமார் 2.6 கோடிப் பேர் மிதிவண்டியில் செல்கின்றனர்; காரில் செல்வோர் அரைக் கோடியைச் சற்றே தாண்டுவர் என்று 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு காட்டியது. கட்டடத் தொழிலாளி, வீட்டுவேலை செய்யும் பெண், இரவுக்காவலர், தூய்மைப் பணியாளர் ஆகியோரே சாலையின் பெரும்பான்மையினர். ஆனால் சாலை அமைக்கப்படுவதோ அந்த அரைக் கோடிப் பேரின் வேகத்திற்காக.

வாகனம் மோதித் தூக்கியெறியப்படும் பாதசாரியின் தலை முதலில் வாகனத்திலும் பின்னர் தரையிலும் மோதுகிறது. மண்டையோட்டுக்குள் கசியும் இரத்தம் சில நேரங்களில் பல மணி நேரம் கழித்தே தன் விளைவைக் காட்டும். அறுவைச் சிகிச்சை முடிந்து, காயம் ஆறி, தலைமுடி வளர்ந்த பிறகு பார்ப்பவர்களுக்கு அவர் நலமாகவே தோன்றுவார். ஆனால் வலிப்பு வரும். சற்று முன் சொன்னது மறந்துபோகும். காரணமின்றிக் கோபம் வரும். தலைசுற்றலால் சாரத்தில் ஏற முடியாது. அவரைத் தனியே விட இயலாமல் மனைவியும் வேலையை விடுவார். ஒரு விபத்தில் இரு கூலிகள் அழிந்துபோகின்றன. கை, கால் இழப்பைக் கண்ணால் கண்டு அளந்து பழகிய சட்ட நடைமுறைக்கு இந்த இழப்பு எளிதில் புலப்படுவதில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்டுள்ள 21 வகைகளிலும் விபத்தால் நேரும் மூளைக்காயம் தனியொரு வகையாக இடம்பெறவில்லை.

இத்தகையவருக்குத்தான் ஒன்றிய அரசு ஆறு மாதக் கெடு விதித்தது. இழப்பீடு கோருவதற்கு இருந்த காலவரம்பை 1994ஆம் ஆண்டின் திருத்தம் நீக்கியிருந்தது. 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் அதை மீண்டும் கொண்டுவந்தது. 2022 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்திற்குள் தீர்ப்பாயத்தை அணுகவில்லையெனில் கதவு மூடப்படும் என்பது இதன் பொருள். தலைக்காயமுற்றவரின் முதல் ஆறு மாதங்கள் எங்கே கழிகின்றன? தீவிரசிகிச்சைப் பிரிவிலும், கடன் வாங்கும் வாசல்களிலும், மருந்துக்கடை வரிசையிலும் கழிகின்றன. இழப்பு நிரந்தரமானதா என்று மருத்துவர் உறுதியாகச் சொல்வதற்கே பல மாதங்கள் ஆகும். இந்தக் கெடுவுக்கு எதிரான வழக்குகளில், காலம் கடந்தது என்ற ஒரே காரணத்திற்காக மனுக்களைத் தள்ளுபடி செய்யக் கூடாது என்று 2025 நவம்பரில் உச்சநீதிமன்றம் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. வரவேற்கத்தக்க உத்தரவுதான். எனினும் இடைக்கால நிவாரணத்தை நம்பியே ஏழையின் உரிமை நிற்க வேண்டுமா? சட்டத்திலிருந்தே அந்தப் பிரிவு அகற்றப்பட வேண்டும்.

கெடுவைவிட நுட்பமான பொறி ஒன்றும் அதே திருத்தத்தில் உண்டு. யார் தவறு என்று நிரூபிக்காமலேயே, உயிரிழப்புக்கு 5 லட்சமும் கொடுங்காயத்திற்கு 2.5 லட்சமும் பெறலாம் என்கிறது 164ஆம் பிரிவு. கேட்பதற்கு நல்லதாகவே இருக்கிறது. ஆனால் காப்பீட்டு நிறுவனம் முன்வைக்கும் இத்தொகையை ஏற்றுக்கொண்டால், 166ஆம் பிரிவின்கீழ் தொடுத்த கோரிக்கை மனு காலாவதியாகிவிடும். கடன்காரர் கதவைத் தட்டும் நேரத்தில் நீட்டப்படும் 2.5 லட்சத்தை மறுக்கும் வலிமை எந்தத் தினக்கூலிக் குடும்பத்திற்கு இருக்கிறது? மறுத்துத் தீர்ப்பாயம் சென்றாலோ, பாதசாரி கவனமின்றிக் குறுக்கே வந்தார் என்ற வாதம் காத்திருக்கிறது. நினைவிழந்தவர் அதற்கு எப்படிப் பதிலுரைப்பார்?

தளராமல் போராடினால் நீதிமன்றம் வழங்கக்கூடிய நீதி வேறு அளவில் இருக்கும் என்பதற்குச் சான்று உண்டு. மருத்துவர் தரும் ஊனச் சதவீதத்தை இயந்திரத்தனமாக எடுத்துக்கொள்ளாமல், அக்காயம் அவரவர் தொழிலை எந்த அளவுக்குப் பாதித்தது என்று பார்க்க வேண்டும் என 2010இல் வெளியான ஒரு தீர்ப்பில் உச்சநீதிமன்றம் நெறி வகுத்தது. 2020இல் வந்த வழக்கொன்றில், டிராக்டரில் பெற்றோருடன் சென்றபோது லாரி மோதி மூளை சிதைந்த 12 வயதுச் சிறுமிக்குத் தீர்ப்பாயம் அளித்தது சுமார் 11 லட்சம். உயர்நீதிமன்றம் அளித்தது 25 லட்சத்திற்குச் சற்று மேல். உச்சநீதிமன்றமோ 62 லட்சத்திற்கும் மேல் வழங்கியது. வாழ்நாள் முழுதும் அவரைப் பராமரிக்கும் உதவியாளர்களின் ஊதியத்தையும் அது கணக்கிட்டது. ஆனால் விபத்து நடந்தது 2007இல். இறுதி நீதிக்கு அக்குடும்பம் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தது.

மோதிய வாகனம் நிற்காமல் சென்றுவிட்டால் நிலைமை இன்னும் கொடிது. 2022இல் இவ்வாறு 30,486 பேர் கொல்லப்பட்டனர். இதற்கான அரசுத் திட்டத்தில் உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்திற்கு வெறும் 50,000 ரூபாய். வாழ்நாள் முழுதும் வலிப்பு மருந்து உண்ண வேண்டியவருக்கு 50,000 ரூபாய் எத்தனை மாதத்திற்கு வரும்? அந்தத் தொகைக்குக்கூட 2022-23 நிதியாண்டில் வந்த மனுக்கள் 205 மட்டுமே. அவற்றுள் தீர்க்கப்பட்டவை 95 என்று உச்சநீதிமன்றமே பதிவு செய்தது. இப்படியொரு உரிமை இருப்பதை மக்களிடம் சொல்லும் கடமையிலிருந்து அரசு விலகி நின்றதையே இவ்வெண்கள் காட்டுகின்றன. நீதிமன்றம் கெடு விதித்த பின்னரே 2025 மே மாதத்தில் அறிவிக்கப்பட்ட கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டமும் ஏழு நாள், 1.5 லட்சம் என்ற எல்லையோடு நின்றுவிடுகிறது. தலைக்காயம் ஏழு நாளில் தீரும் நோயன்று.

தண்டனையைக் கூட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்பது ஆட்சியாளர் வாதம். மோதிவிட்டு ஓடும் ஓட்டுநருக்குப் பத்தாண்டுச் சிறை என்று நியாய சன்ஹிதாவில் எழுதினார்கள். 2024 ஜனவரியில் லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியதும் அந்த உட்பிரிவை நிறுத்தி வைத்தார்கள். அடிபட்டவரை விட்டுச் செல்வது மன்னிக்கத்தக்கதன்று. ஆனால் எட்டு மணி நேர வேலை என்று 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் அன்றே சொல்லியிருந்தும், தூக்கமின்றி அவரை ஓட்டவைக்கும் முதலாளி எந்தக் குற்றப்பிரிவிலும் சிக்குவதில்லை. தரமற்ற சாலை அமைத்து உயிரிழப்புக்கோ ஊனத்திற்கோ காரணமாகும் ஒப்பந்ததாரருக்கும் அதிகாரிக்கும் 198ஏ பிரிவு விதிப்பது அதிகபட்சம் ஒரு லட்சம் ரூபாய் அபராதம் மட்டுமே.

நடைபாதை 1.8 மீட்டருக்குக் குறையக் கூடாது என்பது இந்தியச் சாலைகள் காங்கிரசின் வழிகாட்டுதல். தடையற்ற நடைபாதை அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு தரும் உரிமையின் அங்கம் என்று 2025 மே மாதத்தில் உச்சநீதிமன்றம் கூறியது. கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில், பாதசாரிகள் பாதுகாப்புக்கும் சாலைத் தரத்திற்கும் விதிகளை ஆறு மாதத்திற்குள் வகுக்குமாறு அதே ஆண்டு அக்டோபரில் மாநிலங்களுக்கு ஆணையிட்டது. இந்த ஆணைகளைக் காட்டிச் சாலையோர வியாபாரிகளை விரட்டுவதை ஏற்க முடியாது. அவர்களுக்கு 2014ஆம் ஆண்டின் சட்டம் அளித்த பாதுகாப்பு உண்டு. நடைபாதையை விழுங்கி நிற்கும் கார்களை முதலில் அகற்றட்டும்.

பாதிக்கப்பட்ட குடும்பங்கள் சிலவற்றை அறிந்திருப்பது அவசியம். முதல் தகவல் அறிக்கையின் நகலும், ஸ்கேன் படங்களும், மருத்துவமனைச் சீட்டுகளும், கூலிக்கான ஆதாரமும் பத்திரமாக இருக்கட்டும். விபத்து நடந்த ஊரில் மட்டுமன்றி, பாதிக்கப்பட்டவர் வசிக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலும் மனுச் செய்யலாம். புலம்பெயர் தொழிலாளருக்கு இது பேருதவி. அவரால் இயலாதபோது உறவினர் அவர் சார்பில் வழக்காடலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், குறைந்த வருவாயினர் ஆகியோருக்குச் சட்டப்பணிகள் ஆணைக்குழு கட்டணமின்றி வழக்கறிஞரை அமர்த்தித் தரும். அடையாளம் தெரியாத வாகனம் மோதியிருந்தாலும் வருவாய்த்துறை அதிகாரியிடம் மனுச் செய்யலாம். எந்தச் சமரசத் தாளிலும் வழக்கறிஞரைக் கேளாமல் கையொப்பமிடக் கூடாது.

ஆறு மாதக் கெடுவை ஒன்றிய அரசு சட்டத் திருத்தத்தின் மூலம் நீக்க வேண்டும். 164ஆம் பிரிவின் தொகையை இடைக்கால நிவாரணமாக்கி, அதைப் பெற்றவரும் முழு இழப்பீடு கோர வழிசெய்ய வேண்டும். நிற்காமல் சென்ற வாகனத்தால் காயமுற்றோருக்கான தொகையைப் பன்மடங்கு உயர்த்த வேண்டும். மாவட்ட அரசு மருத்துவமனைகள் அனைத்திலும் இரவு பகலாக இயங்கும் ஸ்கேன் வசதியும் தலைக்காய மறுவாழ்வுப் பிரிவும் வேண்டும். காவல்துறை அனுப்பும் விபத்து அறிக்கையையே இழப்பீட்டு மனுவாகத் தீர்ப்பாயம் ஏற்க வேண்டும் என்ற சட்டவிதி ஏட்டோடு நிற்காமல் செயலுக்கு வர வேண்டும்.

இக்கோரிக்கைகளைத் தொழிற்சங்கங்களும் மாதர், வாலிபர் அமைப்புகளும் தெருவுக்குத் தெரு எடுத்துச் செல்ல வேண்டும். அடிபட்டவர் வீட்டுக்கு ஆறுதல் சொல்லச் செல்லும் தோழர், கையோடு மனுப் படிவத்தையும் எடுத்துச் செல்லட்டும்.