மறுசுற்றுக்கும் பணம் வேண்டும்

திருத்தணிக்கு மூன்று பக்கமும் ஓடுபாதைகள் இருக்கின்றன. தெற்கே அரக்கோணத்தில் 1992 முதல் இயங்கும் கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளி, வடக்கே ரேணிகுண்டாவில் திருப்பதி விமான நிலையம், தென்கிழக்கே மீனம்பாக்கம். தலைக்கு மேலே போகும் விமானத்தை நம் காலனிப் பிள்ளைகள் அண்ணாந்து பார்க்கிறார்கள். அதை ஓட்டும் இருக்கைக்குப் போகும் வழியை அவர்களுக்குச் சொல்லத்தான் ஆளில்லை.

வணிக விமானி உரிமம் பெற என்ன வேண்டும்? 12ஆம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும், 18 வயது, மருத்துவத் தகுதி, விமானப் போக்குவரத்து இயக்குநரகம் நடத்தும் எழுத்துத் தேர்வுகளில் தேர்ச்சி, 200 மணி நேரம் பறந்த அனுபவம். அரசுப் பள்ளியில் படித்த மாணவருக்கும் முதல் நான்கும் எட்டக்கூடியவையே. ஐந்தாவதில்தான் கதவு சாத்தப்படுகிறது. ஏன் என்பதை ஒரு பாடத்தை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

புதிய பயிற்சி விமானியை அதிகம் திணறவைப்பது தரையிறங்கல். ஓடுபாதைக்கு இணையாகப் பறந்து, இரண்டு முறை திரும்பி, ஓடுபாதைக்கு நேராக வர வேண்டும். அங்கிருந்து சுமார் 3 பாகைச் சாய்வில், அதாவது ஒரு கடல் மைலுக்கு ஏறக்குறைய 300 அடி வீதம் இறங்க வேண்டும். வேகம், உயரம், திசை மூன்றும் ஒன்றாகக் கட்டுக்குள் நிற்க வேண்டும். ஓடுபாதையில் குறிவைத்த இடம் முன்கண்ணாடியில் அசையாமல் நின்றால் பாதை சரி. அது மேலே நகர்ந்தால் விமானம் ஓடுபாதையை எட்டாது. கீழே நகர்ந்தால் குறியைத் தாண்டிவிடும். ஓடுபாதை ஓரத்து நான்கு விளக்குகளில் இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு தெரிய வேண்டும். நான்கும் சிவப்பாகத் தெரிந்தால் விமானம் மிகத் தாழ்ந்துவிட்டது என்று பொருள்.

புத்தகம் இதையெல்லாம் சொல்லித்தரும். ஆனால் கைக்குப் பழகுவது திரும்பத் திரும்ப இறங்கினால்தான். இன்னொரு விதியும் உண்டு: நெருங்கி வந்த பிறகும் விமானம் கட்டுக்குள் நிற்கவில்லை என்றால் வம்படியாக இறக்கக் கூடாது. முழு விசை கொடுத்து மேலே ஏறி, சுற்றி வந்து மறுபடி முயல வேண்டும். இந்த மறுசுற்று தோல்வியல்ல. நல்ல விமானிக்கு அடையாளமே அதுதான்.

அந்த மறுசுற்றுக்கு யார் பணம் கட்டுவது? ஒரு மணி நேரம் பறக்கப் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை கூடுதலாக இருபது மணி நேரம் எடுத்துக்கொண்டால் அது பயிற்சி. கடன் வாங்கி வந்த நம் பிள்ளைக்கு இரண்டு மணி நேரம் கூடினாலே "இவனுக்கு வராது" என்ற பேச்சு எழுந்துவிடும். திறமை என்று பின்னால் பெயர் பெறுவதில் பெரும்பகுதி, மறுபடி முயலக் கிடைத்த வாய்ப்புதான்.

கணக்கைப் பாருங்கள். மெட்ரிக் பிந்தைய உதவித்தொகை பெற பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். விமானிப் பயிற்சிக்கு 40 லட்சத்துக்கு மேல் ஆகிறது. அது அந்தக் குடும்பத்தின் 16 ஆண்டு வருமானம். பட்டியலின மாணவருக்கான மத்திய அரசின் உயர்தரக் கல்வித் திட்டம், தனியார் பறத்தல் பயிற்சிக்குப் பல ஆண்டுகள் வைத்திருந்த உச்சவரம்பு ஆண்டுக்கு 3.72 லட்சம். மணிக்குப் பத்தாயிரம் என்றே வைத்தாலும் அது 37 மணி நேரத்துக்குத்தான் வரும். பணம் தாமதமானால் பறத்தல் நிற்கும். நின்றால் பழகிய கை மறக்கும். விட்ட இடத்தைப் பிடிக்க மீண்டும் செலவு.

விடுதியில் தண்ணீருக்கே வழியில்லை, விமானி ஒரு கேடா என்று நம்மவர்களே கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் விடுதிக்குத் தண்ணீரும் வேண்டும், அங்கே படிப்பவருக்கு எந்தத் தொழிலுக்கும் போகும் வழியும் வேண்டும். ஒன்றைக் காட்டி இன்னொன்றை மறுப்பது நமக்கு மட்டுமே சொல்லப்படும் நியாயம். கேரள அரசு 'விங்ஸ்' என்ற திட்டத்தில் பட்டியலின, பழங்குடி மாணவரின் விமானிப் பயிற்சிக்கு நிதி தருகிறது. ஒடிசாவின் மல்கான்கிரியிலிருந்து ஒரு காவலரின் மகளான பழங்குடிப் பெண் 2019இல் தனியார் விமான நிறுவனத்தில் துணை விமானி ஆனார்.

தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டு நிதியைப் பாதுகாக்க 2024இல் சட்டமே வந்துவிட்டது. தாட்கோவும் இருக்கிறது. நாம் கேட்பது மூன்று. ஆண்டு உச்சவரம்பாக இல்லாமல், பறக்கும் மணிநேரக் கணக்கில் உதவி தர வேண்டும். 200 மணி நேரத்துக்கு மேல் மறுபயிற்சிக்கும் அதில் இடம் வேண்டும். அந்தப் பணம் பறப்பதற்கு முன்பே பயிற்சி நிறுவனத்துக்குப் போய்ச் சேர வேண்டும். மூன்றாவது, செலவில்லாதது: திருவள்ளூர் மாவட்ட ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளிலும் விடுதிகளிலும் 10ஆம் வகுப்பிலேயே இந்தத் தொழிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். இயற்பியலும் கணிதமும் எடுப்பதா வேண்டாமா என்பது 11ஆம் வகுப்புச் சேர்க்கையில் முடிவாகிவிடுகிறது. அப்போது தெரியாமல் போனால், பிறகு வரும் எந்த உதவித்தொகையும் அந்தப் பிள்ளைக்குப் பயன்படாது.