ஒரு போத்தல் குடித்தால் போதுமா?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

போன கிழமை என் வகுப்புப் பிள்ளை ஒருவனின் அம்மா பாடசாலைக்கு வந்தார். கொழுந்து பறிப்பவர். மகன் வயிற்றோட்டத்தால் ஐந்து நாள் வரவில்லை. "சேர், டவுன்ல புரோபயோடிக்னு சின்னச் சின்னப் போத்தல் விக்கிறாங்க. ஒரு பெட்டி வாங்கிட்டேன். குடிச்சா வயிறு சரியாயிரும்தானே?" என்றார். அவருடைய பாதி நாள் சம்பளம் அதில் போயிருந்தது. அன்று மணியடித்துவிட்டது, அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். மீதி இதோ.

நம் குடலின் உட்புறம் முழுக்க வழுவழுப்பான சீதம் பூசியிருக்கிறது. அது ஓயாமல் சுரந்து, ஓயாமல் கழுவுப்பட்டுப் போகிறது. நாம் விழுங்கும் பற்றீரியா அதில் பிடித்து நிற்காவிட்டால் சாப்பாட்டோடு வெளியே போய்விடும். அடைமழையில் வேர் பிடித்த தேயிலை நிற்கும், நேற்று நட்ட நாற்று மண்ணோடு போகும். அதே கதைதான்.

சில பற்றீரியாக்களுக்குப் பிடிமானம் உண்டு. லக்டோபசிலஸ் ஜீ.ஜீ. என்ற வகையின் மேல் மெல்லிய மயிர் போன்ற இழைகள் இருப்பதையும், அதிலுள்ள ஒரு புரதம் சீதத்தைப் பற்றிக்கொள்வதையும் 2009இல் பின்லாந்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். நல்லது இடம் பிடித்தால் கெட்டதற்கு இடமும் இரையும் குறையும். ஆனால் அந்த ஜீ.ஜீ.கூட, குடிப்பதை நிறுத்தினால் பெரும்பாலானோரின் குடலில் நெடுநாள் தங்குவதில்லை.

இது வெறும் வியாபாரப் பேச்சும் அல்ல. இந்தியாவின் ஒடிசாக் கிராமங்களில் பிறந்த 4,500க்கு மேற்பட்ட சிசுக்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. குடலில் நன்றாக ஒட்டக்கூடியதெனத் தேர்ந்தெடுத்த லக்டோபசிலஸ் வகையொன்றை, அதற்கு இரையாகும் ஒருவகைச் சர்க்கரையோடு சேர்த்து, அவர்களில் பாதிப் பேருக்கு ஏழு நாள் கொடுத்தார்கள். மற்றவர்களில் 9 சதவீதமானோருக்குக் கடும் தொற்றோ மரணமோ நேர்ந்தது. கொடுத்தவர்களில் அது 5.4 சதவீதம். 2017இல் நேச்சர் சஞ்சிகையில் வெளிவந்தது. தாய்ப்பால் குடித்த பிள்ளைகள், வைத்தியர்களின் கண்காணிப்பு, தேடித் தேர்ந்த ஒரே வகை. கடைப் போத்தலை அதோடு ஒப்பிட முடியாது. இதை வாசித்துவிட்டுக் கைக்குழந்தைக்கு எதையும் ஊட்டிவிடாதீர்கள்.

என் கருத்து இதுதான். அந்தப் போத்தல் நஞ்சல்ல, ஆனால் ஒருநாள் குடித்துப் பயனில்லை. வயிற்றோட்டம் என்றால் முதலில் ஜீவனி கரைத்துக் கொடுங்கள். நிற்காவிட்டாலோ, இரத்தம் போனாலோ, பிள்ளை சோர்ந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போன முறை மிஞ்சிய அன்டிபயோடிக் குளிசையைக் கொடுக்காதீர்கள், அது குடலில் குடியிருக்கும் நல்லதையும் சேர்த்து அழிக்கும். சுகமான பிறகு, நம் ஊவாவில் சட்டித் தயிருக்குப் பஞ்சமில்லை, ஓரிரு கரண்டி அடிக்கடி கொடுக்கலாம். கீரையும் பயறும் சேருங்கள், குடலிலுள்ள நல்ல பற்றீரியாவுக்கு நார்தான் சாப்பாடு. பிளேன்டீயும் ரொட்டியும் மட்டும் போதாது. கைக்குழந்தைக்கு ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே.

இதையெல்லாம் செய்தும், பீலித் தண்ணீர் அழுக்கென்றால் பிள்ளை திரும்பத் திரும்பப் படுக்கும். அந்தத் தாயின் லயத்தில் மலசலகூடத்துக்குக் கீழேதான் தண்ணீர் எடுக்கிறார்கள். அவரிடம் போய் "போத்தல் வாங்காதே" என்று மட்டும் சொல்லிவிட்டு வர எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் தண்ணீர் விஷயத்தை நான் எழுப்பப் போகிறேன். எழுதிக் கொடுக்க வேண்டிய கடிதத்தையும் நானே எழுதுகிறேன். கையெழுத்து வைக்க நீங்கள் வந்தால் போதும், இன்ஷா அல்லாஹ்.