கட்டைவிரல் கணக்கு

எங்கள் மாமா ஒருவர் மகா ஜாக்கிரதைப் பேர்வழி. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பவர். ஏ.டி.எம். கார்டு கைக்கு வந்த நாளிலிருந்து அவருக்கு ஒரே கவலை. பின் நம்பரை எழுதி வைத்தால் திருடன் பார்ப்பான். எழுதாவிட்டால் மறந்து போகும். யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். பர்ஸில் இருக்கும் குட்டி டெலிபோன் டைரியில் 'பின்னலூர் பெரியசாமி' என்று ஒரு பெயர், அதற்கு நேரே ஒரு நம்பர். அதில் கடைசி நாலு எண்கள்தான் ரகசியம்.

சில வருஷங்களுக்கு முன் தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் பர்ஸ் பறிபோனது. மாமா வீட்டுக்கு வந்து, மோர் குடித்து, மாமி திட்டி முடிப்பதற்குள் பத்தாயிரம் பத்தாயிரமாக இரண்டு தடவை எடுத்தாகிவிட்டது. பிக்பாக்கெட் ஆசாமி பின்னலூர் பெரியசாமியைப் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் கண்டுகொண்டிருக்கிறான். ஏழெட்டுப் பெயரே உள்ள டைரியில் அவர் ஒருத்தர்தான் பால்பாயிண்ட் பேனாவால் இரண்டு தடவை அழுத்தி எழுதப்பட்டிருந்தார்.

நான் பி.காம். எனவே பாங்க் சம்பந்தமான எந்தத் துக்கத்துக்கும் குடும்பத்தில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். போனேன். கவுன்டரில் இருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"பின் நம்பர் கரெக்டா அடிச்சிருக்கு சார். அப்ப நீங்கதானே எடுத்திருக்கணும்?"

மாமா கொதித்துவிட்டார். "அவன் கை எப்படி, என் கை எப்படி? அதுகூடத் தெரியாதா உங்க மெஷினுக்கு?"

தெரியாதுதான். மாமா கேட்டது மிக நியாயமான கேள்வி. மெஷினுக்குத் தெரிந்ததெல்லாம் நாலு எண்கள். அவற்றை அழுத்துகிறவர் மாமாவா, மாமாவின் பர்ஸை அடித்தவரா என்று அதற்குக் கவலையில்லை. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் போட்ட விதியும் வாடிக்கையாளரின் கவனக்குறைவால் போன பணத்துக்கு, புகார் கொடுக்கும் வரை அவரே பொறுப்பு என்றது. பெரியசாமி கவனக்குறைவா, அதிக கவனமா என்று வாதாடிப் பார்த்தோம். எடுபடவில்லை.

*

இந்த நாலு எண்கள் எப்படி வந்தன என்பது ஒரு சுவாரஸ்யமான கதை. 1967-ல் லண்டனின் என்ஃபீல்டில், பார்க்லேஸ் பாங்க் சுவரில் பணம் தரும் மெஷினை வைத்தவர் ஜான் ஷெப்பர்ட்-பாரன். ஆசாமி பிறந்தது நம்ம ஷில்லாங்கில். முதலில் ஆறு எண்கள் என்றுதான் நினைத்தாராம். சாப்பாட்டு மேஜையில் மனைவியிடம் கேட்டிருக்கிறார். "எனக்கு நாலுதான் ஞாபகம் இருக்கும்" என்று அந்த அம்மாள் சொல்ல, உலகம் முழுக்க நாலாகிவிட்டது. பிற்காலத்தில் அவரே சொன்ன கதை இது. நமக்கெல்லாம் கல்யாண நாள்கூட ஞாபகம் இருப்பதில்லை. அந்த அம்மாளைக் குறை சொல்ல வேண்டாம்.

'ஞாபகத்தை நம்பாதே, விரலை நம்பு' என்ற யோசனையும் இங்கேயே பிறந்ததுதான். 1858-ல் வங்காளத்தில் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற வெள்ளைக்கார அதிகாரி, ராஜ்யதர் கோனாய் என்ற கான்ட்ராக்டரிடம் ரோடு போடும் சரக்குக்கு ஒப்பந்தம் எழுதினார். 'இது என் கையெழுத்தே இல்லை' என்று பின்னால் மனுஷன் பல்டி அடித்தால்? ஒப்பந்தத்தின் பின்புறம் கோனாயின் முழு உள்ளங்கையையும் மையில் ஒத்தி எடுத்துவிட்டார். மிரட்டி வைக்கத்தான் செய்தார். அப்புறம் பார்த்தால் விஷயம் பெரிசாகப் போயிற்று.

1897-ல் உலகின் முதல் கைரேகை அலுவலகம் கல்கத்தாவில் திறந்தது. ஆயிரக்கணக்கான ரேகைகளை அடுக்கி, வேண்டியதை நொடியில் தேடி எடுக்கும் கணக்கைப் போட்டவர்கள் அஸீஸுல் ஹக், ஹேம்சந்திர போஸ் என்ற இரண்டு சப்-இன்ஸ்பெக்டர்கள். அந்த முறைக்கு உலகம் வைத்த பெயர் 'ஹென்றி முறை'. எட்வர்ட் ஹென்றி அவர்களுடைய மேலதிகாரி. (ஆபீஸில் வேலை பார்க்கும் வாசகர்கள் இந்த இடத்தில் ஒரு பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம்.) ஹக்குக்கு கான் பகதூரும் போஸுக்கு ராய் பகதூரும் பிற்பாடு கிடைத்தன.

*

இப்போது கார்டுக்கு வருவோம். உங்கள் பர்ஸில் இருக்கும் பாங்க் கார்டில் தங்க நிறத்தில் ஒரு சின்னச் சதுரம் தெரிகிறதே, அதன் அடியில் இருப்பது ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். கணக்குப் போடும், ரகசியத்தை வைத்துக்கொள்ளும், கேட்கிறவனிடமெல்லாம் உளறாது. 1974-ல் பிரான்ஸில் ரோலான் மொரேனோ என்பவர் இப்படியொரு யோசனைக்குக் காப்புரிமை கேட்டார். நம்மூரில் பழைய கறுப்புப் பட்டைக் கார்டுகளை 2018 டிசம்பருக்குள் மாற்றச் சொன்னதால் எல்லோர் கையிலும் சிப் வந்தது. கறுப்புப் பட்டையைக் காப்பி அடிப்பது சுலபம். சிப்பை அப்படி அடிக்க முடியாது. ஆனால் அசல் கார்டையே அடித்துக்கொண்டு போகிறவனை சிப் என்ன செய்யும்? அங்கேதான் விரல் வேண்டும்.

விரல் ரேகையை கார்டில் வைப்பது என்றால் போட்டோ எடுத்து ஒட்டுவது என்று நினைக்காதீர்கள். ரேகைகள் ஓடிக்கொண்டே வந்து ஓரிடத்தில் சட்டென்று முடியும். இன்னோரிடத்தில் தண்டவாளம் மாதிரி இரண்டாகப் பிரியும். அந்த இடங்களை மட்டும் குறித்துக்கொள்வார்கள். எங்கே இருக்கிறது, முடிகிறதா பிரிகிறதா, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். கார்டுக்கென்றே உள்ள சுருக்க முறையில் ஒரு புள்ளிக்கு மூன்று பைட். நாற்பது புள்ளி என்று வைத்தால் 120 பைட். 'சாப்பிட்டாச்சா, நைட் லேட்டாகும்' என்று நீங்கள் அனுப்புகிற எஸ்.எம்.எஸ். ஒன்றின் அளவுக்குள் உங்கள் கட்டைவிரல் அடங்கிவிடுகிறது.

இனிமேல்தான் முக்கியமான இடம். ஒப்பிட்டுப் பார்ப்பது யார்?

ஒரு வழி, கார்டு உங்கள் ரேகையைக் கடைக்காரர் மெஷினிடம் கொடுத்து 'நீயே பார்த்துக்கொள்' என்பது. மெஷின் பார்க்கும். பார்த்ததை ஒரு காப்பி எடுத்தும் வைத்துக்கொள்ளலாம், யார் கண்டது? இரண்டாவது வழி, மெஷின் நீங்கள் இப்போது வைத்த விரலை கார்டுக்கு அனுப்ப, கார்டு தன் வயிற்றுக்குள்ளேயே ஒப்பிட்டு 'ஆமாம்' அல்லது 'இல்லை' என்று மட்டும் சொல்வது. பதிந்த ரேகை கார்டை விட்டு வெளியே வருவதே இல்லை. மூன்றாவது இன்னும் ஒரு படி மேல்: விரல் வைக்கும் இடமே கார்டின் மேல். 2017-ல் மாஸ்டர்கார்டு தென்னாப்பிரிக்காவில் இதை வெள்ளோட்டம் விட்டது. கார்டில் பாட்டரி கிடையாது. கடை மெஷினில் செருகும்போது அதிலிருந்தே கரன்ட் எடுத்துக்கொள்கிறது. பழைய விரலும் புதிய விரலும் கார்டுக்குள்ளேயே சந்தித்துக்கொள்கின்றன. கடைக்காரருக்கு முடிவு மட்டும்தான்.

இதற்கெல்லாம் நேர் எதிர், எல்லோர் ரேகையையும் ஓரிடத்தில் குவித்து வைப்பது. நம் ஆதார் அந்த வகை. தமிழ்நாட்டில் 2017-ல் கொடுத்த ஸ்மார்ட் ரேஷன் கார்டில் சிப்பும் இல்லை, ரேகையும் இல்லை. கட்டம் கட்டமாக ஒரு க்யூ.ஆர். கோடுதான். ஸ்மார்ட்டெல்லாம் பெயரில்.

*

2020 அக்டோபரில் ரேஷன் கடைக்கு விரல் மெஷின் வந்தபோது அம்மாவுடன் நானும் போனேன். அம்மா கட்டைவிரலை வைத்தார். சிவப்பு. ஆள்காட்டி விரல். சிவப்பு. கடைக்காரர் நல்ல மனிதர். "தலையில தேய்ச்சுட்டு வைங்கம்மா, எண்ணெய் பட்டா எடுக்கும்" என்றார். அம்மா தலையில் தேய்த்தார், நெற்றியில் தேய்த்தார், முந்தானையில் துடைத்தார். பின்னால் வரிசை நெளிய ஆரம்பித்தது. நாற்பது வருஷம் பாத்திரம் தேய்த்த கை. ரேகை பாதி சபீனாவோடு போயிருக்கிறது. அரிசி கடைசியில் கிடைத்துவிட்டது. ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அம்மா தன் விரலையே பார்த்துக்கொண்டு வந்தார். "நான் நான்தான்னு ஒரு டப்பா சொல்லணுமாடா?" என்று கேட்டார். பி.காமில் இதற்குப் பதில் சொல்லித் தரவில்லை.

விஷயம் இதுதான். பின் நம்பர் என்றால் சரி அல்லது தப்பு. விரல் அப்படியில்லை. ஒரே விரலை இரண்டு தடவை வைத்தால் இரண்டும் அச்சு அசலாக இருக்காது. கொஞ்சம் சாய்ந்திருக்கும், அழுத்தம் மாறியிருக்கும், வியர்த்திருக்கும். அதனால் மெஷின் மார்க் போடுகிறது. இத்தனை மார்க்குக்கு மேல் பாஸ். பாஸ் மார்க்கை ஏற்றினால் திருடன் ஃபெயில், கூடவே அம்மாவும் ஃபெயில். இறக்கினால் அம்மா பாஸ், திருடனுக்கும் கொஞ்சம் வாய்ப்பு. ஒரே மெஷினில் இரண்டையும் சேர்த்துக் குறைப்பது மகா கஷ்டம்.

2008 ஏப்ரலில் மத்திய அரசு ஏழைக் குடும்பங்களுக்காக ராஷ்ட்ரிய ஸ்வாஸ்த்ய பீமா யோஜனா என்று ஓர் ஆஸ்பத்திரி இன்ஷூரன்ஸ் தொடங்கியது. பதிவுக்கு 30 ரூபாய், வருஷத்துக்கு 30,000 ரூபாய் வரை சிகிச்சை, ஐந்து பேர் வரை ஒரே ஸ்மார்ட் கார்டு, அதற்குள் விரல் ரேகை. நல்ல யோசனை. வெளியூருக்குப் பிழைக்கப் போனவரும் பயன்படுத்தலாம். 2018-ல் இது ஆயுஷ்மான் பாரத்தோடு சேர்ந்துவிட்டது. எனக்கு இதில் உறுத்துவது ஒன்றுதான். செங்கல் தூக்குகிறவர், சிமென்ட் குழைக்கிறவர், பீடி சுற்றுகிறவர், இவர்கள் விரலைத்தான் வேலை முதலில் தேய்க்கிறது. அந்த விரலைத்தான் சாவி என்று வைக்கிறோம்.

உழைத்தால்தான் என்றில்லை. சிங்கப்பூரிலிருந்து 2008 டிசம்பரில் அமெரிக்கா போன 62 வயதுக்காரர் ஒருவரை, விரலில் ரேகையே இல்லை என்று விமான நிலையத்தில் நாலு மணி நேரம் உட்கார வைத்துவிட்டார்கள். புற்றுநோய்க்குச் சாப்பிட்ட கேப்சிடபைன் மாத்திரை விரல் நுனித் தோலை உரித்து ரேகையை அழித்திருந்தது.

*

சரி, ரேகை நன்றாக இருக்கிறவர்கள் நிம்மதியாகத் தூங்கலாமா?

2002-ல் ஜப்பானில் மட்சுமோட்டோ என்ற பேராசிரியர், மிட்டாயில் போடுகிற ஜெலட்டினால் போலி விரல் செய்து, அன்று விற்பனையிலிருந்த பல மெஷின்களை ஏமாற்றிக் காட்டினார். 2008-ல் ஜெர்மனியில் கம்ப்யூட்டர் கில்லாடிகள் சங்கம் ஒன்று உள்துறை அமைச்சரின் விரல் ரேகையையே தங்கள் பத்திரிகையில் அச்சடித்துவிட்டது. அமைச்சர் ரேகைத் திட்டத்தை ஆதரித்தவர்!

நம்மூர்க்காரர்கள் சளைத்தவர்களா? 2018-ல் தெலங்கானாவில் பெத்தபள்ளி மாவட்டத்தில் சிம் கார்டு விற்கும் ஆள் ஒருவர் மாட்டினார். பத்திரப் பதிவு இணையதளத்தில் கிடந்த நிலப் பத்திரங்களிலிருந்து ரேகைகளை எடுத்து, ரப்பர் ஸ்டாம்ப் செய்யும் மெஷினில் ஆயிரக்கணக்கில் விரல் தயாரித்திருந்தார். எதற்கு? கோடி கோடியாகச் சுருட்டவா? இல்லை சார். சிம் ஆக்டிவேஷன் டார்கெட் முடிக்க! மாதக் கடைசியில் டார்கெட்டுக்காக அல்லாடும் விற்பனைப் பிரதிநிதிகள் யாரும் இதிலிருந்து யோசனை பெற வேண்டாம்.

பின் நம்பர் திருடு போனால் மாற்றிக்கொள்ளலாம். விரல் திருடு போனால்? மொத்தம் பத்துதான் ஸ்டாக். 2015-ல் அமெரிக்க அரசின் பணியாளர் நிர்வாக அலுவலகத்திலிருந்து 56 லட்சம் பேரின் விரல் ரேகைகள் களவு போயின. அந்த 56 லட்சம் பேருக்கும் புது விரல் கொடுக்க எந்த அரசாலும் முடியாது. ஆகவேதான் ரேகை கார்டுக்குள்ளேயே இருக்கட்டும் என்கிறேன். ஒரு கார்டு தொலைந்தால் ஒருத்தர் விரலோடு போகிறது. அதுவும் பூட்டிய சிப்புக்குள்.

அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. பிளாஸ்டிக் கார்டை நாம் எதனால் பிடிக்கிறோம்? விரலால். வழவழப்பான கார்டின் மேல் நம் கட்டைவிரல் ரேகை எண்ணெய்ப் பிசுக்கோடு அழகாகப் பதிந்திருக்கிறது. கார்டைத் திருடுகிறவனுக்கு ரேகையையும் சேர்த்தே கொடுக்கிறோம். பின்னலூர் பெரியசாமியேதான், வேறு உருவத்தில்! அதனால் சின்னத் தொகைக்கு விரல் போதும், பெரிய தொகைக்கு விரலோடு பின்னும் கேட்கட்டும். விரல் எடுக்காதவர்களைத் திருப்பி அனுப்பாமல் வேறு வழியும் வைக்கட்டும். இதை யாரும் என்னைக் கேட்கவில்லை. சொல்லி வைக்கிறேன்.

மாமாவிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். 2005-ல் மலேசியாவில் விரல் ரேகையால் ஸ்டார்ட் ஆகும் மெர்சிடிஸ் காரைக் கடத்தியவர்கள் சொந்தக்காரரின் விரலையும் வெட்டிக்கொண்டு போனதை மட்டும் சொல்லாமல் விட்டேன். மனுஷனுக்கு பி.பி. இருக்கிறது.

அவருடைய புது போனில் விரல் பூட்டு இருந்தது. கார்டு விஷயம் மாதிரிதான், ரேகை போனுக்குள்ளேயே தனிப் பெட்டியில் இருக்கும், வெளியே போகாது என்றேன். சந்தோஷப்பட்டார். எந்த விரலைப் பதிவது என்று அரை மணி நேரம் யோசித்தார். கட்டைவிரல் என்றால் திருடன் சுலபமாக ஊகித்துவிடுவானாம்.

"மாப்ளே, இடது கை மோதிர விரல். எவனுக்கும் தோணாது" என்று ஜெயித்த குரலில் சொல்லிப் பதிந்தார்.

போன வாரம் போயிருந்தேன். மேஜை மேல் புது டைரி. புரட்டினேன். 'மோதிரம் மோகன், லெஃப்ட் கை' என்று ஒரு பெயர், இரண்டு தடவை அழுத்தி எழுதப்பட்டிருந்தது.