நகரத்து மழையும் நாட்டவர் கூட்டுறவும்

திருவள்ளுவர் கடவுள் வாழ்த்தினை அடுத்து வான்சிறப்பை வைத்தார். மழையின் கொடையைப் போற்றிய அதிகாரத்திலேயே அது கெடுக்கவும் வல்லது என்பதையும் மறவாது கூறினார். அவர் பெரிதும் எண்ணியது பயிரையும் உயிரையும் காக்கும் மழையை. இன்று நம்மை அச்சுறுத்துவதோ நகரத்து மழை. அதனை அறிந்து கொள்ளுதல் ஒரு திணைக்களத்தாலோ ஒரு நாட்டாலோ தனித்து ஆகும் காரியமன்று என்பது என் துணிபு.

2005 ஆம் ஆண்டு யூலை 26 ஆம் திகதி மும்பையில் நிகழ்ந்ததை நோக்குக. நகரின் வடபாலுள்ள சாந்தாகுரூஸ் நிலையத்தில் ஒரே நாளில் 944 மில்லிமீற்றர் மழை பதிவாயிற்று. தென்கோடியிலுள்ள கொலாபாவிலோ 73 மில்லிமீற்றர் மாத்திரமே. இரண்டுக்கும் இடைத்தூரம் 30 கிலோமீற்றருக்கும் குறைவு. கொலாபாவின் மழைமானியை மாத்திரம் பார்த்திருந்தவர், வடக்கே வெள்ளம் உயிர்களை வாரிக்கொண்டு போவதை எங்ஙனம் அறிவார்? ஒரு நகரத்துக்கு ஒரு மழைமானி போதும் என்ற எண்ணம் அன்றே பொய்த்தது.

நகரம் மழையை ஏற்று நிற்பது மாத்திரமன்று, அதனை மாற்றவும் செய்கிறது. கல்லும் தாரும் வெயிலை உண்டு சூட்டைக் கக்குகின்றன. உயர்ந்த கட்டடங்கள் வீசும் காற்றை மறித்து மேலே தள்ளுகின்றன. புகையின் நுண்துகள்கள் மேகத்துளிகளுக்குக் கருவாகின்றன. 1971 முதல் 1975 வரை ஐக்கிய அமெரிக்காவின் செயின்ற் லூயிஸ் நகரில் நடந்த ‘மெற்றோமெக்ஸ்’ என்னும் ஆய்வு இதனை ஆராய்ந்தது. இலினோய் மாநில நீராய்வு நிலையமும், சிக்காகோ, வயோமிங் சர்வகலாசாலைகளும், ஆர்கோன் தேசிய ஆய்வுகூடமும் அதில் ஒன்றுகூடி உழைத்தன. நகரைக் கடந்து காற்றுச் செல்லும் திசையில் கோடைமழை நூற்றுக்கு 5 முதல் 25 வரை மிகுந்திருந்ததென அவர்கள் கண்டனர். ஓர் ஊரின் சூடும் புகையும் அடுத்த ஊரின் மழையைப் பெருக்குமாயின், அதனை எந்த ஊரார் தனியே கணக்கிடுவது?

உயிரிழப்பே யப்பானியரை இத்துறையில் மேலும் விரைவுபடுத்தியது. 2008 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5 ஆம் திகதி தோக்கியோ நகரின் நிலக்கீழ்க் கழிவுநீர்க் குழாயினுள் வேலை செய்துகொண்டிருந்த தொழிலாளர் 5 பேரைத் திடீர்மழையின் வெள்ளம் அடித்துச் சென்றது. அவர்கள் மேலேறித் தப்ப அவகாசம் கிடைக்கவில்லை. 2011 முதல் 2013 வரையான கோடைகளில் தோக்கியோவின் வானத்தைப் பல நிறுவனங்கள் சேர்ந்து ஆராய்ந்தன. உலக வளிமண்டலவியல் ஸ்தாபனத்தின் ஆய்வுத் திட்டங்களுள் ஒன்றாகவும் அம்முயற்சி ஏற்கப்பட்டது. பிறநாட்டு அறிஞரும் கலந்துகொண்டனர்.

கூட்டுறவு ஏன் இன்றியமையாதது? குருடர் யானையைக் கண்ட கதைதான். றேடார் மழைத்துளியைக் காணும். துளியாகாத நீராவியைக் காணாது. இடங்காட்டும் செய்மதிகளின் அலை நீராவியால் தாமதமடைவதைக் கொண்டு அந்த ஆவியை அளக்கலாம்; ஆனால் மழை எத்தெருவில் விழும் என்பதை அது சொல்லாது. விழுந்த நீர் எங்கே தேங்கும் என்பதை வடிகால் பொறியியலாளரே அறிவார். இவர்கள் ஒருவர் கணக்கை மற்றவர்க்குக் காட்டாவிடில், குழாயினுள் நிற்கும் தொழிலாளிக்கு உரிய நேரத்தில் எச்சரிக்கை எட்டாது.

இவையெல்லாம் செல்வ நாடுகளின் ஆடம்பரம் என்பார் உளர். நான் அதனை ஏற்கேன். 1802 இல் மேகங்களுக்குப் பெயரிட்டு வகுத்த லூக் ஹொவாட் இலண்டனில் மருந்து செய்து விற்றவர். நாட்டுப்புறத்தைவிட அந்நகரம் சூடாயிருப்பதை அளந்து எழுதியவரும் அவரே. அவர் இட்ட பெயர்களையே இன்றும் உலகின் வானிலையாளர் வழங்குகின்றனர். மழைமானி விலைமிக்க பொருளன்று. ஒரு பாடசாலையே அதனைப் பார்த்து எழுதி வரலாம். அரிதாயிருப்பது பொருளன்று, பகிரும் மனமே.

வானிலைத் தரவுகளைத் தடையின்றிப் பரிமாறவேண்டுமென உலக ஸ்தாபனம் 1995 இல் தீர்மானித்தது. 2021 இல் அதனைக் காலநிலைக்கும் நீரியலுக்கும் விரித்தது. நாடுகளுக்கிடையே ஒப்புக்கொண்டதனை ஒரு நகரத்தின் அலுவலகங்களுக்கிடையே செய்யத் தயங்குவது தகுமா? 2010 நவம்பர் மழையில் நம் பாராளுமன்றத்தையே வெள்ளம் சூழ்ந்ததை மறந்துவிட்டோமா? பொதுப்பணத்தால் அளந்த மழைக்கணக்கு பொதுமக்களின் உடைமை. ஒவ்வொரு நிலையத்தின் மழைவீழ்ச்சியும் அன்றன்றே யாவரும் காண வெளிவரல் வேண்டும். வானிலையாளரும் பொறியியலாளரும் வைத்தியரும் மாநகரசபையாரும் மாரிக்கு முன்னரே ஒருங்கிருந்து பேசல் வேண்டும். வெள்ளம் வந்தபின் கூடும் கூட்டங்கள் இறந்தவரை மீட்டுத் தரமாட்டா.