செத்தவங்க பேரு என்ன?

கிரைம் நாவலுக்கெல்லாம் ஒரு தலையங்கமா என்று தோழர்கள் முகம் சுளிக்கலாம். எது இலக்கியம், எது குப்பை என்று பிரித்துவைத்தது யார் என்கிற கேள்வியை நாம் என்றைக்கோ கேட்டுவிட்டோம். அதனால் இந்தக் கூச்சம் நமக்கு வேண்டாம்.

டான் வின்ஸ்லோ என்ற அமெரிக்க எழுத்தாளரின் 'தி பவர் ஆஃப் தி டாக்' 2005இல் வந்தது. அமெரிக்க அரசு நடத்திய போதைப்பொருள் ஒழிப்புப் போர்தான் களம். 1975இல் மெக்சிகோவின் சினாலோவா மலைகளில் அபினிச் செடி வயல்கள் எரிகின்றன. எரிப்பது அரசு. பிழைப்பை இழந்து மலையிறங்குவது ஏழை விவசாயிகள். அதே தீயில் குளிர்காய்ந்து புதிய கடத்தல் கூட்டத்தைக் கட்டி எழுப்புகிறவன் யார்? ஒரு போலீஸ் அதிகாரி. அரசு ஒரு பக்கம், குற்றம் மறுபக்கம் என்று நமக்குச் சொல்லித் தரப்பட்ட கதையை நாவல் இந்த இடத்தில் போட்டு உடைக்கிறது. நிகரகுவாவின் எதிர்ப்புரட்சிப் படைக்கு ஆயுதம் போன வழியிலேயே கொக்கைன் வந்ததையும் சொல்கிறது. இது வெறும் கற்பனை இல்லை. அந்தப் படையின் ஆதரவு வலைப்பின்னலில் கடத்தல்காரர்கள் இருந்ததை அமெரிக்க செனட் துணைக்குழுவே 1989இல் அறிக்கையாக வெளியிட்டது.

அதெல்லாம் சரி. நமக்கு இடிக்கிற இடம் வேறு.

1985இல் குவாதலஹாராவில் ஓர் அமெரிக்கப் போதைத் தடுப்பு அதிகாரி கடத்திச் சித்திரவதை செய்து கொல்லப்பட்டார். இரண்டு அரசாங்கங்கள் ஆடிப்போயின. நாவலிலும் அதே மாதிரி ஒரு கொலை நடக்கிறது. கதாநாயகன் ஆர்ட் கெல்லரின் பழிவாங்கல் அதிலிருந்து கிளம்புகிறது. ஒரு பிணத்துக்கு நூற்றுக்கணக்கான பக்கங்கள். ஆனால் நாவலின் தொடக்கத்தில் எல் சவ்சால் என்ற ஊரில் குடும்பம் குடும்பமாகச் சுடப்பட்டுக் கிடக்கிறார்களே, அவங்க பேரு என்ன? 1998இல் அந்த ஊரில் உண்மையிலேயே அப்படியொரு படுகொலை நடந்தது. செத்தவர்களில் பலர் பாய்பாய் என்ற பூர்வகுடி மக்கள்; குழந்தைகளும் உண்டு. நாவலில் அந்தப் பிணங்களை நாம் பார்ப்பது கெல்லரின் கண் வழியாகத்தான். அவனுடைய குற்றவுணர்வுக்கு அவை சாட்சி. அவற்றுக்கென்று குரல் கிடையாது. சேரி எரிந்த கதையை விசாரணைக்கு வந்த அதிகாரியின் மனவேதனையாக எழுதினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருக்கிறது.

வின்ஸ்லோவுக்கே இது உறுத்தியிருக்க வேண்டும். 2015இல் வந்த 'தி கார்டெல்' நாவலின் முன்பக்கங்களில், கொல்லப்பட்டும் காணாமல் போயும் முடிந்த நூற்றுக்கும் மேற்பட்ட பத்திரிகையாளர்களின் பெயர்களை வரிசையாக அச்சிட்டார். மூன்று நாவல்களிலும் நம்மை உலுக்குகிற பக்கங்கள் அவைதான். 2014 செப்டம்பரில் அயோட்சினாபா கிராமப்புற ஆசிரியர் பயிற்சிப் பள்ளியின் 43 மாணவர்களை போலீஸ் பிடித்துப் போனது. ஏழை விவசாயிகள், பூர்வகுடிகளின் பிள்ளைகள். உயிரோடு கொண்டுபோனீங்க, உயிரோடு குடுங்க என்று பெற்றோர் தெருவில் நின்றார்கள். அவர்கள் பிள்ளைகளின் படத்தையும் பெயரையும் ஏந்தி நின்றதுதான் அரசியல்.

அமெரிக்காவுக்குள்ளே இந்தப் போர் யார்மேல் நடந்தது? 1986 சட்டப்படி, கறுப்பர் குடியிருப்புகளில் புழங்கிய கிராக் 5 கிராம் விற்பதற்காக வைத்திருந்தால் குறைந்தது 5 ஆண்டு சிறை. அதே தண்டனைக்கு வெள்ளையர் புழங்கிய தூள் கொக்கைன் 500 கிராம் வேண்டும். ஒன்றுக்கு நூறு! 2010இல்தான் இது ஒன்றுக்குப் பதினெட்டு என்று குறைந்தது. மிஷெல் அலெக்சாண்டர் அதே ஆண்டு வெளியிட்ட 'தி நியூ ஜிம் க்ரோ' நூலில் இந்தச் சிறை அமைப்புக்கு வைத்த பெயர் 'சாதி'. கரும்சிறுத்தைகளிடமிருந்து 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் பெயர் எடுத்துக்கொண்டார்கள். இன்று அங்கிருப்பவர்கள் நம் சொல்லை எடுத்துத் தம் சிறையை விளக்குகிறார்கள்.

இங்கே 1985இல் வந்த போதைப்பொருள் சட்டத்தைப் பாருங்கள். பொருள் உன்னிடம் இருந்தது என்று காட்டிவிட்டால், குற்றமில்லை என்று நிரூபிக்க வேண்டியது நீதான். "ஒழுங்கா இரு, இல்லேன்னா கஞ்சா கேஸ் போட்டுருவேன்" என்கிற மிரட்டல் சேரிப் பையன்களுக்குப் புதுசில்லை.

போதைக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. சாராயத்தால் தாலியறுத்த நம் பெண்களுக்குத்தான் அதன் கொடுமை முதலில் தெரியும். சாராயக் கடைகளுக்கு எதிராகத் தெருவில் இறங்கியவர்களும் அவர்களே. போதையை ஒழி என்று அவர்கள் கேட்டார்கள். அரசோ போதையை விட்டுவிட்டு ஆளை ஒழிக்கிறது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு ஒவ்வொரு ரெய்டுக்கும் கைதட்ட வேண்டாம் என்பதே நம் வேண்டுகோள்.

மாணவத் தோழர்கள் இந்த நாவலைப் படியுங்கள். விறுவிறுப்பாகத்தான் போகும். படித்து முடித்ததும் உங்கள் தெருவுக்குப் போங்கள். கஞ்சா கேசில் உள்ளே இருப்பவன் யார், என்ன வயசு, எந்தத் தேதியில் எங்கே பிடித்தார்கள், முதல் தகவல் அறிக்கையில் என்ன எழுதியிருக்கிறது, அவன் அம்மா என்ன சொல்றாங்க என்று எழுதி வையுங்கள். அந்தக் கதையை எழுத எந்தக் கெல்லரும் வரமாட்டான்.