கை விரித்த பிறகும் வைத்தியம் உண்டு

"டாக்டர் கையை விரிச்சிட்டாரு, வீட்டுக்குக் கொண்டு போங்கன்னுட்டாரு." நுரையீரல் புற்றுநோய் கண்டவரைப் பற்றித் தோட்டங்களில் இப்படித்தான் பேச்சு. பிறகு வலியும் மூச்சுத் திணறலும் தலையெழுத்தாகிவிடுகின்றன. இதை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை.

குணமாக்க முடியாத நோயிலும் வேதனையைத் தணிக்க வைத்தியம் உண்டு. டாக்டர், தாதி, சமூகநல ஊழியர் ஒரே குழுவாக நின்று நோயாளியோடு குடும்பத்தையும் கவனிப்பார்கள். கடைசி நேரத்தில்தான் அவர்களிடம் போகவேண்டும் என்பதில்லை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நடந்து 2010இல் வெளிவந்த ஆய்வில், நோய் முற்றிய 151 பேரில் ஏறத்தாழப் பாதிப்பேரைத் தொடக்கத்திலிருந்தே இத்தகைய குழுவும் சேர்ந்து கவனித்தது. அவர்களிடம் மனச்சோர்வு குறைவாக இருந்தது. மற்றவர்களைவிடப் பொதுவில் இரண்டரை மாதத்துக்கு மேல் கூடுதலாகவும் வாழ்ந்தார்கள்.

மார்பின் என்றாலே நம்மவர்களுக்குப் பயம். "போதை மருந்தாச்சே, அடிமையாயிடுவாரே" என்கிறார்கள். டாக்டர் சொன்ன அளவில் கொடுத்தால் வலி அடங்கும், மூச்சிரைப்பும் தணியும். வீண் பயத்துக்காக ஒரு மனிதரைத் துடிக்க விடுவது எந்த ஊர் நியாயம்?

1991இல் தொடங்கிய ஹோஸ்பிஸ் மலேசியா, கிள்ளான் பள்ளத்தாக்கில் வீடு தேடி வந்து இலவசமாகக் கவனிக்கிறது. தொலைவிலுள்ள தோட்டத்தார் அரசாங்க ஆஸ்பத்திரியில் "ராவாத்தான் பாலியாத்திஃப்" வேண்டுமென்று முதலிலேயே கேளுங்கள். போக வர வண்டி கொடுப்பது நிர்வாகத்தின் கடமை. கேட்டு வாங்கித் தருவது தொழிற்சங்கக் கிளையின் வேலை.